செயின்ட் லூயிஸில் செப்டம்பர்: எங்கே போகலாம், எதை விடலாம்?

புதுக்குடித்தனம்:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் வேலை மாற்றலாகி நியூ ஜெர்சியிலிருந்து செயின்ட் லூயிஸின் புறநகரான பால்வினுக்கு வந்தோம். வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரு வழியாக நிமிர்ந்து பார்த்தால் ஆகஸ்ட் முடியப் போகிறது. இதுவரை எங்கள் சனி ஞாயிறு எல்லாம் கோயில், காஸ்ட்கோ, இந்தியக் கடை, மறுபடி வீடு என்றே ஓடுகிறது.

அலுவலகத்தில் உள்ளூர்க்காரர்கள் பலூன் என்கிறார்கள், ஜப்பானியத் திருவிழா என்கிறார்கள், ஹெர்மன் என்று ஓர் ஆற்றங்கரை ஊர் என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் நம்மவர்களைக் கேட்டால், "அதெல்லாம் சிட்டிக்குள்ளே. கூட்டம், பார்க்கிங் கிடைக்காது, எதுக்கு வம்பு" என்று ஒரே பதில்.

பிள்ளைகளுக்கு ஆறு வயதும் ஒன்பது வயதும். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், அக்டோபர் நடு வரை இருப்பார். முழங்கால் வலி, சுத்த சைவம். இவர்களை வைத்துக்கொண்டு எதற்குப் போகலாம், எதை விடலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டவர்குரோவ்வாசி:

வாங்க வாங்க. இந்த ஊரில் வெயிலும் பனியும் இல்லாமல் வெளியே நடமாடக் கிடைப்பது சில வாரங்கள்தான், அதில் பெரும்பகுதி இப்போது வருகிறது. நான் சிட்டிக்குள் குடியிருப்பவன், அதனால் கொஞ்சம் ஊர்ப்பற்றோடுதான் எழுதுவேன். கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் டவர் குரோவ் பூங்காவில் ஃபெஸ்டிவல் ஆஃப் நேஷன்ஸ் நடக்கும். 1919 முதல் இங்கே புதிதாகக் குடியேறுபவர்களுக்கும் அகதிகளுக்கும் கைகொடுக்கும் இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட் நடத்துவது. நுழைவு இலவசம். போஸ்னியர்கள் உட்படப் பல நாட்டுக்காரர்கள் அடுப்பு வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வாரமே இருக்கிறதா என்று பாருங்கள். தவறினால் அடுத்த வருடம்.

அடுத்து லேபர் டே விடுமுறை, அதாவது செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய வார இறுதி. மிசௌரி தாவரவியல் பூங்காவில் ஜப்பானியத் திருவிழா, அதே நாட்களில் சென்ட்ரல் வெஸ்ட் எண்டில் புனித நிக்கோலஸ் கிரேக்கத் தேவாலயத்தின் சாப்பாட்டுத் திருவிழா. இரண்டுக்கும் நடுவே காரில் போனால் சில நிமிடம்தான். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், அத்தையின் முழங்கால் தாங்காது.

ஜப்பானியத் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவை ஹென்றி ஷா என்ற வியாபாரி 1859இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். டவர் குரோவ் பூங்காவும் அவர் கொடுத்ததுதான். 1977இல் உள்ளே பதினான்கு ஏக்கரில் செய்வா-என் என்ற ஜப்பானியத் தோட்டத்தைத் திறந்தார்கள், திருவிழாவும் அப்போதிலிருந்து நடக்கிறது. குளத்தைச் சுற்றி நடக்கிற பாதை, நடுவில் மரப்பாலம், பாலத்தில் நின்றால் காலடியில் கோய் மீன்கள். எந்திரத்தில் காசு போட்டால் தீனி கிடைக்கும். பிள்ளைகள் ஒரு கைப்பிடி வீசினால் மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வாயைப் பிளக்கும், தண்ணீரே தெரியாது. உங்கள் ஆறு வயதுக்கு அதுவே போதும். தாய்கோ முரசு ஆரம்பித்தால் மட்டும் உடனே மேடைப் பக்கம் போய்விடுங்கள். சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் இடிக்கும். நான் சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றபோது அப்படி இருந்தது.

இருட்டிய பிறகு தோட்டத்தில் விளக்கேற்றி நடக்க விடுவார்கள். கூட்டம் இருக்கும், ஆனால் பகல் சூட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் கிளேட்டனில் ஓவியச் சந்தை, செயின்ட் லூயிஸ் ஆர்ட் ஃபேர். தெருவை மூடிக் கூடாரம் போடுவார்கள். பார்க்கக் காசில்லை, வாங்கத்தான் சொத்தை விற்க வேண்டும். மாதத்தின் நடுவில் ஃபாரஸ்ட் பார்க் என்ற பெரிய பூங்காவில் பலூன் பந்தயம். அதைப் பற்றி எழுத இங்கே என்னைவிடத் தகுதியான ஆள் ஒருவர் இருக்கிறார், அவரே வருவார்.

ரெண்டுபசங்கஅப்பா:

நண்பர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாராவது ஒருவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா?

ஜப்பானியத் திருவிழாவுக்கு டிக்கெட் உண்டு. நாலு பேர் குடும்பம், பெரியவர் ஒருவர், அப்புறம் உள்ளே சாப்பாடு, ஐஸ், விசிறி என்று கூட்டிப் பாருங்கள். லேபர் டே சமயத்தில் இங்கே மிசிசிப்பி ஆற்றுப் புழுக்கம் இன்னும் போயிருக்காது. பகல் ஒரு மணிக்கு அந்தக் குளக்கரையில் நிற்பது சென்னை மே மாதம்தான். மத்தியானம் போய்விட்டு, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் காரைத் தேடியவன் சொல்கிறேன்.

பலூனுக்குப் போவது சுலபம். திரும்பி வருவதுதான் பிரச்சினை. ஃபாரஸ்ட் பார்க்கை விட்டு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஹைவே 40இல் ஏறுவதற்குள் பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கிவிடும், மனைவி பேச்சை நிறுத்திவிடுவார். நான் மேற்கே ஓ'ஃபாலனில் இருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டுப் பின்பக்கத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், பலூன் இந்தப் பக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

காற்றின்திசை:

ஓ'ஃபாலன் நண்பரே, நாற்காலியைக் கிழக்கே பார்த்துப் போட்டுக்கொண்டு பல வருடம் உட்கார வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் போவது என்பது அன்றைய காற்றின் முடிவு. கிழக்கே இல்லினாய் மாநிலப் பக்கம் போகலாம், தெற்கே போகலாம். மேற்கே உங்கள் வீடு வரை வருவது சிரமம்.

பலூன் என்றால் எனக்கு வாய் நீளும், ஏனென்றால் ஒரு பைலட்டின் குழுவில் தன்னார்வலனாக இருக்கிறேன். பேர்தான் பெரிது, வேலை துணி விரிப்பதும் மடிப்பதும். அதனால் உள்ளிருந்து சொல்கிறேன்.

இது 1973இல் தொடங்கிய பந்தயம். இரண்டு நாள் நிகழ்ச்சி, இரண்டும் இலவசம். வெள்ளி இரவு பலூன் குளோ, சனி பிற்பகல் பந்தயம். குளோவில் எதுவும் பறக்காது, இதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முதலில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பெரிய விசிறியால் சாதாரணக் காற்றை ஊதுவோம். புல்லில் படுத்திருக்கிற துணி மெல்ல வயிறு உப்பும். இரண்டு பேர் துணியின் வாயை விரித்துப் பிடித்துக்கொள்ள, கூடையைச் சாய்த்த நிலையில் பைலட் பர்னரைத் திறந்து உள்ளே நெருப்பை அனுப்புவார். வாயைப் பிடித்திருப்பவன் நான். கையுறை போட்டிருந்தாலும் புருவம் கருகுகிற மாதிரி ஒரு சூடு அடிக்கும். உச்சியில் கட்டிய கயிற்றை எதிர்ப்பக்கம் ஒருவர் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பிடிப்பார். இல்லையென்றால் பலூன் ஒரே ஆட்டத்தில் எழுந்து கூடையைத் தூக்கி அடித்துவிடும். காற்று சூடாக ஆக, ஏழு மாடி உயரத்துக்கு அது தானாக நிமிர்ந்து நிற்கும்.

இருட்டியதும் எல்லா பைலட்டும் சேர்ந்தாற்போல் பர்னரைத் திறப்பார்கள். மைதானம் முழுக்க ஒரே வினாடியில் எரியும், அணையும். நெருப்பின் சீறல் நிற்கிற அந்த இடைவெளியில் கூட்டத்தின் "ஓ" கேட்கும். கடைசியில் வாணவேடிக்கை.

சனிக்கிழமை பந்தயம் வேகப் பந்தயம் இல்லை, துரத்தல் பந்தயம். முதலில் ஒரு பலூன் கிளம்பும், அதற்கு முயல் என்று பெயர். எனர்ஜைசர் பேட்டரிக் கம்பெனிக்கு இதுதான் ஊர், அவர்களுடைய இளஞ்சிவப்பு முயல் பலூன்தான் பல வருடம் முயலாக ஓடியது. கொஞ்ச நேரம் விட்டு மற்றவை, அதாவது வேட்டை நாய்கள், பின்னாலேயே கிளம்பும். முயல் எங்கோ ஒரு பள்ளி மைதானத்திலோ வயலிலோ இறங்கி, துணியால் பெருக்கல் குறி விரிக்கும். அதற்கு மிக அருகில் தன் அடையாளப் பையை மேலிருந்து போடுகிறவர் வென்றவர்.

பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. மேலே போகலாம், கீழே வரலாம், அவ்வளவுதான். ஆனால் நூறடியில் வடக்கே அடிக்கிற காற்று ஆயிரம் அடியில் வடகிழக்கே அடிக்கும். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று படித்துக்கொண்டே ஏறி இறங்கி வருவதுதான் பைலட்டின் வித்தை. சிலர் கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன ஹீலியம் பலூனை விட்டு, அது வளைந்து போகிற போக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த முகத்தைப் பாருங்கள், கிரிக்கெட்டில் பிட்ச்சைத் தடவிப் பார்க்கிற கேப்டன் முகம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. தரைக்காற்று மணிக்குப் பத்து மைலை நெருங்கினாலே யோசிப்பார்கள். மழையோ இடியோ என்றால் கடைசி நேரத்தில் ரத்து. வானம் நீலமாக இருக்கிறதே என்று சண்டை போடாதீர்கள்.

நியூ ஜெர்சி என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஒரு கொசுறு. 1907இல் கார்டன் பென்னட் கோப்பைக்கான பலூன் பந்தயம் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. அப்போது சூடான காற்று இல்லை, வாயு நிரப்பிய பலூன்கள். ஆஸ்கர் எர்ப்ஸ்லோ என்ற ஜெர்மானியர் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் பறந்து, 1400 கிலோமீட்டர் தாண்டி, நியூ ஜெர்சி கடற்கரையில் ஆஸ்பரி பார்க் அருகே இறங்கிக் கோப்பையைத் தட்டிப் போனார். முன்னால் கடல், அதற்கு மேல் போக வழியில்லை.

பால்வின்அம்மா:

ஆண்கள் எல்லோரும் பலூனைப் பற்றியே எழுதுகிறீர்கள், கழிப்பறை எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமியாரோடு போகிறவளுக்கு அதுதானே முதல் கேள்வி?

தோழி, வரிசையாகத் தற்காலிகக் கழிப்பறைகள் வைத்திருப்பார்கள். இருட்டுவதற்கு முன்னால் ஒரு நடை போய் வந்துவிடுங்கள், பிறகு வரிசையும் நீளும், உள்ளே விளக்கும் இருக்காது. கைகழுவும் திரவமும் காகிதமும் கையில் இருக்கட்டும். மடக்கு நாற்காலி கட்டாயம். தரையில் விரிப்புப் போட்டால் அத்தையால் எழுந்திருக்க முடியாது.

காரைப் பூங்காவுக்குள் கொண்டு போகவே வேண்டாம். பிரென்ட்வுட் மெட்ரோலிங்க் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு நீலத் தடத்தில் ஏறுங்கள். ஆறாவது நிறுத்தம் ஃபாரஸ்ட் பார்க் - டிபாலிவியர். இறங்கினால் வரலாற்று அருங்காட்சியகம் எதிரிலேயே தெரியும், அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் மைதானம். நமக்குச் சாதாரண நடைதான், முழங்கால் வலிக்காரருக்கு அது கொஞ்சம் தூரம். அத்தைக்காக ஷட்டில் வண்டி ஓடுகிறதா என்று அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ரயிலிலும் கூட்டம்தான். ஆனால் ரயில் நகரும், கார் நகராது.

இன்னொன்று. செப்டம்பர் நடுவில் இங்கே ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் உச்சத்தில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். அலர்ஜி மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குக்கவுண்டி:

எல்லோரும் உற்சாகமாக எழுதுவதால் நான் வில்லனாகிறேன், பரவாயில்லை. சிட்டியில் குற்றம் அதிகம் என்பது கட்டுக்கதை இல்லை. காரின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போன கதை என் சொந்த நண்பர் வட்டத்திலேயே உண்டு. இரவு ஒன்பது மணிக்குச் சின்னப் பிள்ளைகளோடும் வயதானவரோடும் சிட்டிக்குள் நிற்க வேண்டிய அவசியம் என்ன? செஸ்டர்ஃபீல்டில், பால்வினில், எல்லாம் அருகிலேயே பூங்கா, கச்சேரி, சந்தை என்று நடக்கிறதே.

டவர்குரோவ்வாசி:

கார்க் கண்ணாடி உடைவது உண்மை. காருக்குள் பை, லேப்டாப், ஏன் ஒரு காலி காகிதப் பைகூடக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். அதை நானும் சொல்கிறேன்.

ஆனால் "சிட்டி" என்று மொத்தமாக ஒரு கோடு போட்டு விலக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கோடே 1876இல் போட்டது. சிட்டிக்காரர்கள் கவுண்டியிலிருந்து, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான சுற்றுப் பகுதியிலிருந்து, பிரிந்து போனார்கள். அன்றைக்குப் பணம் சிட்டியில், வயல்காடு கவுண்டியில். நமக்கெதற்கு அவர்கள் பாரம் என்று கழற்றிவிட்டார்கள். பிறகு சக்கரம் சுழன்றது. 1950இல் சிட்டியில் எட்டரை லட்சம் பேருக்கு மேல், 2020 கணக்கெடுப்பில் மூன்று லட்சம்தான். குற்ற விகிதத்தைக் கணக்குப் போடும்போது இந்தச் சின்ன வட்டத்துக்குள் மட்டும் போடுகிறார்கள், சுற்றியுள்ள கவுண்டியைச் சேர்ப்பதில்லை. பல நகரங்களில் புறநகரெல்லாம் எல்லைக்குள் வந்துவிடுவதால் எண் மட்டுப்படும். சிட்டியில் பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை, எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

இதைவிட முக்கியமானது வரி. 1970களின் தொடக்கத்தில் சிட்டியும் கவுண்டியும் சேர்ந்து ஓட்டுப் போட்டு விலங்குக்காட்சிசாலை - அருங்காட்சியக மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கின. நம் சொத்து வரியில் ஒரு சிறு பகுதி அதற்குப் போகிறது. விலங்குக்காட்சிசாலை, ஓவிய அருங்காட்சியகம், அறிவியல் மையம், வரலாற்று அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா ஐந்துக்கும் அந்தப் பணம்தான். மற்ற ஊர்களில் நாலு பேர் குடும்பம் ஜூவுக்குப் போனால் நூறு டாலர் காலி, இங்கே உள்ளே நுழையக் காசில்லை என்பதற்குக் காரணம் இதுதான். வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் அந்த வரியை உங்கள் வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். பால்வினில் இருந்துகொண்டு மாதாமாதம் கட்டிவிட்டு, ஃபாரஸ்ட் பார்க் பக்கமே போகாமல் இருப்பது யாருக்கு நஷ்டம்?

ரெண்டுபசங்கஅப்பா:

நாங்கள் செயின்ட் சார்ல்ஸ் கவுண்டி. அந்த வரி எங்களுக்குக் கிடையாது, ஆனாலும் ஜூவுக்கு இலவசமாக வந்து போகிறோம். மிக்க நன்றி, நண்பரே.

டவர்குரோவ்வாசி:

தெரியும். யானைக்கூண்டுப் பக்கம் உங்களைப் பார்த்தால் ஒரு காபி வாங்கித் தரவும்.

மேற்குக்கவுண்டி:

வரிக் கதை எனக்குப் புதிது, சரி. பகல் நேர நிகழ்ச்சி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரவு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மட்டுறுத்துநர்:

பேச்சு நன்றாகவே போகிறது. சிட்டி-கவுண்டி அரசியல் இத்தோடு போதும், வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

சனிக்கிழமைவாத்தியார்:

வேறொரு சிக்கல். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பிற்பகல் நடன ஒத்திகை, ஞாயிறு கோயில். செப்டம்பரில்தான் பள்ளி தொடங்குகிறது, விநாயகர் சதுர்த்தி வருகிறது, சில வருடம் நவராத்திரியும் இதே மாதத்தில் தொடங்கிவிடும். வைட்மன் சாலைக் கோயிலில் கொலு வைத்துவிட்டால் மாலை எல்லாம் அங்கேதான். ஊர்த் திருவிழாவுக்கு எந்த நேரத்தில் போவது?

ஆசிரியராகச் சொல்கிறேன், பலூன் சனிக்கிழமையில் எங்கள் வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். வந்த பிள்ளைகளும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை பாடத்தை மூடிவைத்துவிட்டு "நீ பலூனில் ஏறினால் எங்கே இறங்குவாய்" என்று எழுதச் சொன்னேன். ஒருவன் "தாத்தா வீட்டு மாடியில்" என்று எழுதினான், ஊர் திருநெல்வேலி. அந்த வருடத்தின் சிறந்த கட்டுரை அதுதான். தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் நாட்காட்டி போடும்போதே அந்த ஒரு சனிக்கிழமையை விட்டுவிட்டால் என்ன என்பது என் ஆசை. யார் கேட்கிறார்கள்?

பால்வின்அம்மா:

வாத்தியாரே, இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், நான் கை தூக்குகிறேன். நவராத்திரியையும் ஊர் விழாவையும் ஏன் போட்டியாக வைக்க வேண்டும்? போன வருடம் வெற்றிலை பாக்குக்கு வந்த பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி கொலுப்படியின் முன் நின்று ஒவ்வொரு பொம்மைக்கும் கதை கேட்டார். சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் அவர்தான் எங்களைக் கிரேக்கத் தேவாலயத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

ஆற்றுக்குஅந்தப்பக்கம்:

மிசிசிப்பியைத் தாண்டினால் உலகம் முடிந்துவிடும் என்று மிசௌரிக்காரர்கள் நினைப்பது தெரிந்ததுதான். இல்லினாயிலிருந்து ஒரு குரல்.

செப்டம்பரில் சம இரவு நாள் வரும் இல்லையா, அதை ஒட்டிய ஞாயிறு காலை கஹோகியா மேட்டில் சூரிய உதயம் பார்க்கக் கூடுவார்கள். கூட்டமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. டவுன்டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பதினைந்து நிமிடம், காலின்ஸ்வில் பக்கம்.

ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கே பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் இருந்தது. மெக்சிகோவுக்கு வடக்கே அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய ஊர் கிடையாது. மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி எழுப்பிய மேடுகள், பெரியது நூறடி உயரம், மாங்க்ஸ் மவுண்ட் என்று பெயர். 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த மேட்டுக்கு மேற்கே மரத்தூண்களை வட்டமாக நட்ட ஓர் இடம் உண்டு, உட்ஹெஞ்ச் என்பார்கள். பழைய குழிகளை அகழ்ந்து கண்டுபிடித்து, அதே இடங்களில் புதுத் தூண் நட்டிருக்கிறார்கள். சம இரவு நாளில் வட்டத்துக்குள் நின்று பார்த்தால் சூரியன் மாங்க்ஸ் மவுண்டை ஒட்டி எழும்பும். நாட்காட்டியே தூண்தான். எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று அதை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோயில் கருவறையில் குறிப்பிட்ட நாளில் சூரிய ஒளி விழுவது பழக்கமான விஷயம். உங்கள் அத்தைக்கு இது பலூனைவிடப் பிடிக்கும் என்பது என் ஊகம். மேட்டின் மேல் ஏறப் படிகள் நூற்றைம்பதுக்கு மேல், அதை மட்டும் விட்டுவிடுங்கள். உட்ஹெஞ்ச் சமதரையில்தான் இருக்கிறது.

அன்றைக்கே பெல்வில்லில் எக்கர்ட்ஸ் தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பறித்துக்கொண்டு திரும்பலாம். பிள்ளைகளுக்கு டிராக்டர் வண்டிதான் முக்கியம், ஆப்பிள் சாக்கு.

பழையமாணவன்:

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் அதற்காகவே கணக்குத் தொடங்கினேன்.

கிரேக்க விழாவில் தேவாலயத்து ஆட்களே சமைக்கிறார்கள். சைவர்களுக்கு ஸ்பானகோபிட்டா, அதாவது கீரையும் சீஸும் வைத்த அடுக்கு ரொட்டி. அதில் முட்டை சேர்ப்பது வழக்கம், அத்தை முட்டை தொடமாட்டார் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். லூக்குமாதெஸ் என்று ஒன்று பொரித்துத் தேனில் போட்டுக் கொடுப்பார்கள். உருண்டை பணியாரம் என்று சொல்லிக் கொடுத்தால் அத்தை ஆட்சேபம் சொல்லமாட்டார். சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போனால் ரப்பர்.

ஜப்பானிய விழாவில் உஷார். காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் குழம்பில் மீன் சாறு இருக்கும். ஐஸைச் சீவிச் சாறு ஊற்றித் தருவது மட்டும் கவலையில்லாதது. அத்தைக்கு வீட்டிலேயே புளியோதரை கட்டிச் சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த விழாவிலும் டோஸ்டட் ராவியோலி என்று நீட்டுவார்கள், இந்த ஊரின் பெருமை அது. பொன்னிறமாகப் பொரித்து, பார்க்கச் சோமாசி மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஒரு விழாவில் கடைக்காரர் "சீஸ்தான்" என்று அடித்துச் சொல்லி என் நண்பனுக்குக் கொடுத்துவிட்டார், கடித்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி மறுபடி கேளுங்கள். கூயி பட்டர் கேக் பயமில்லை, முட்டை மட்டும் உண்டு. இனிப்பு நாக்கை ஒட்டும்.

புதுக்குடித்தனம்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அத்தையிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பலூனுக்கு "அதுக்கென்ன, பார்க்கலாம்" என்றார். தூண் வைத்துச் சூரியனைப் பார்ப்பார்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். ஆற்றுக்குஅந்தப்பக்கம் சரியாகவே கணித்திருக்கிறார்.

இப்போதைக்கு முடிவு இது: லேபர் டே ஞாயிறு மாலை ஜப்பானியத் தோட்டம், வெயில் இறங்கின பிறகு. கிரேக்க விழாவில் நானும் கணவரும் மட்டும் மறுநாள் மத்தியானம். பலூன் குளோவுக்குக் கணவரும் பிள்ளைகளும் ரயிலில், நானும் அத்தையும் வீட்டில். சனிக்கிழமை பந்தயத்துக்குக் காற்று எப்படி என்று பார்த்துக்கொண்டு. கஹோகியாவுக்கு எல்லோரும். ஹெர்மனை அக்டோபருக்குத் தள்ளியாயிற்று.

காற்றின்திசை:

பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பலூன் கிளம்புவதற்கு முன் பைலட்களிடம் போய்க் கேட்டால் பலூன் படம் போட்ட அட்டை தருவார்கள். சேர்த்து வைக்கிற பழக்கம் இங்கே பெரிது. சனிக்கிழமை முன்கூட்டியே வந்தால் என்னையும் பார்க்கலாம், தலையில் தொப்பி, கையில் கருகின கையுறை.

ஃபாரஸ்ட் பார்க்கில் சில இடங்களில் மரமே இல்லாமல் வெட்டவெளியாகத் தெரியும். 2025 மே 16 சூறாவளி சாய்த்தது. வடக்கே வீடுகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் பூங்காவுக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை.

சனிக்கிழமைவாத்தியார்:

ஹெர்மன் பற்றி ஒரு வார்த்தை. அது மிசௌரி ஆற்றங்கரை ஜெர்மானியர் ஊர், அக்டோபர் முழுக்க வார இறுதிகளில் அக்டோபர்ஃபெஸ்ட். பெரும்பாலும் திராட்சை மதுதான், ஆனால் ஆம்ட்ராக் ரயில் ஆற்றோரமாகவே போகிறது. மரங்கள் நிறம் மாறுகிற வாரத்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் ஊருக்குள் இறங்காமலே திரும்பினாலும் காசுக்கு நஷ்டமில்லை. டிக்கெட்டை இப்போதே எடுங்கள்.

மேற்குக்கவுண்டி:

கஹோகியா பகல் நிகழ்ச்சிதானே? எத்தனை மணிக்கு? என் பையன் வானவியல் பைத்தியம்.

ஆற்றுக்குஅந்தப்பக்கம்:

உதயம் ஆறே முக்காலை ஒட்டி. ஆறேகால் மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், அப்போது இருட்டுத்தான், டார்ச் எடுத்து வாருங்கள். புல்லில் பனி இருக்கும், செருப்புப் போட்டு வந்தால் கால் நனையும். வண்டி நிறுத்த இடம் தூண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேகம் மூடியிருந்தால் சூரியன் தெரியாது, அதற்கு நான் பொறுப்பில்லை. காபி ஃபிளாஸ்க் நான் கொண்டு வருகிறேன். அத்தைக்குச் சர்க்கரை போடலாமா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுக்குடித்தனம்:

அரை ஸ்பூன் போதுமாம். நாங்கள் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டு வருகிறோம்.